ஒரு மரபணு, இரண்டு வேலை
கொழுப்பின் வரலாறு – பகுதி 12

சென்ற பகுதி கோலசிலாங்கூருக்கு அருகே, தென்னமரம் தோட்டத்தில் நின்றது. காப்பி பொய்த்துப்போன அந்த மண்ணில் பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே 1917இல் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். மலாயாவில் அதற்கு முன் செம்பனை அழகு மரம்தான். அன்றைய சிலாங்கூர்த் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். ஃபோக்கோனியே பின்னர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அவர் நட்ட மரமோ நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றியது.

இன்று கிள்ளான் துறைமுகத்தின் கிடங்குகளிலிருந்து அந்த மரத்தின் எண்ணெய் கப்பல் ஏறுகிறது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் வடை வேகும் சட்டியிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் முறுக்கு பொரியும் சட்டியிலும் அதுதான் கொதிக்கிறது. இந்தப் பகுதி சட்டியை விட்டு உடலுக்குள் இறங்குகிறது. உண்ட எண்ணெயைச் சிதைக்கும் நொதிகள் எவை, ஒரு நொதி எந்தக் கொழுப்பைத் தொட வேண்டும் என்பதை எது முடிவு செய்கிறது என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்த வரலாறு இது. விடையின் பாதி மரபணுவில் இருந்தது. மீதிப் பாதி, அந்த மரபணுவின் செய்தி எப்படி வெட்டி ஒட்டப்படுகிறது என்பதில் இருந்தது.

அரிசி கற்பித்த பாடம்

கோலாலம்பூரில் 1900இல் ஒரு நோயியல் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. பின்னாளில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமாக வளர்ந்தது அதுதான். அன்று மலாய் மாநிலங்களைத் வாட்டிக்கொண்டிருந்த நோய்களில் ஒன்று பெரிபெரி. வெள்ளீயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் கால் வீங்கி, நரம்பு செத்து, இதயம் நின்று மாண்டார்கள். தோட்டங்களில் இருந்த தமிழர்களுக்கோ அந்த நோய் அபூர்வமாகத்தான் வந்தது. நெகிரி செம்பிலான் மருத்துவர் லியோனார்ட் பிராடன் இதைக் கவனித்து, காரணம் சோற்றில் இருக்கிறது என்று வாதிட்டார். சீனர்கள் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி.

வில்லியம் ஃபிளெட்சர் 1905-06ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூர் மனநல விடுதியில் இதைச் சோதித்துப் பார்த்தார். விடுதியில் இருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். முதல் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். இரண்டாவது பிரிவில் அந்த நோயால் ஒருவரும் சாகவில்லை. தவிட்டிலுள்ள ஒரு சத்து, நெல்லை அவிக்கும்போது அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதும், தயமின் என்ற அந்தச் சத்து இல்லாமல் உடலின் சில நொதிகள் இயங்க மாட்டா என்பதும் பிற்பாடு தெளிவாயின.

நெல் ஒன்றுதான். வயலுக்கும் வாய்க்கும் இடையில் அதற்கு நேர்ந்ததுதான் வேறு. மரபணுவுக்கும் நொதிக்கும் இடையில் அப்படி ஒரு கட்டம் இருக்கக்கூடும் என்று உயிரியல் ஒப்புக்கொள்ள இன்னும் எழுபது ஆண்டுகள் ஆயின.

ஒன்றுக்கு ஒன்று என்ற நம்பிக்கை

ஜார்ஜ் பீடில், எட்வர்ட் டேட்டம் என்ற இரு அமெரிக்கர்கள் 1941இல் ரொட்டிப் பூஞ்சையின் மேல் எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சினார்கள். ஒரு மரபணு கெட்டால் ஒரு நொதி கெடுகிறது என்று கண்டார்கள். ஒரு மரபணுவுக்கு ஒரு நொதி என்ற கொள்கை அதிலிருந்து பிறந்தது. 1958இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்த வாசகம் அது.

அதை அசைத்தது ஒரு சளிக்கிருமி. 1977இல் எம்ஐடியில் ஃபிலிப் ஷார்ப்பின் குழுவும், கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ராபர்ட்ஸ், லூயிஸ் சௌ, தாமஸ் புரோக்கர் ஆகியோரும் தனித்தனியே அடினோவைரஸை ஆராய்ந்தார்கள். வைரஸின் டிஎன்ஏவையும் அதிலிருந்து எழுதப்பட்ட ஆர்என்ஏ செய்தியையும் ஒன்றோடொன்று பிணையவிட்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தார்கள். இரண்டும் நேராகப் பொருந்தும் என்பது எதிர்பார்ப்பு. திரையில் தெரிந்ததோ, இடையிடையே துணை கிடைக்காமல் வளையங்களாகத் துருத்திக்கொண்டிருந்த டிஎன்ஏ. செய்தியில் அந்தத் துண்டுகள் இல்லவே இல்லை. செல் அவற்றை வெட்டி எறிந்து, மிச்சத்தை ஒட்டியிருந்தது.

இந்த வெட்டி ஒட்டும் வேலைக்கு ஸ்ப்ளைசிங் என்று பெயர். செய்தியில் தங்கும் துண்டுகளை எக்ஸான் என்றும், வெட்டப்படும் துண்டுகளை இன்ட்ரான் என்றும் 1978இல் வால்டர் கில்பர்ட் அழைத்தார். எல்லா எக்ஸான்களும் எப்போதும் தங்க வேண்டியதில்லை, ஒரு செல் ஒன்றை வைத்துக்கொள்ளும், வேறு செல் அதை விட்டுவிடும் என்றும் அதே கட்டுரையில் ஊகித்தார்.

ஊகம் விரைவிலேயே மெய்யானது. எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலினின் ஒரு வகையில், செல்லின் சவ்வில் ஒட்டிக்கொள்ளும் வடிவமும் இரத்தத்தில் மிதக்கும் வடிவமும் ஒரே மரபணுவிலிருந்து வருவது 1980இல் தெரிந்தது. தைராய்டில் கால்சிட்டோனின் என்ற ஹார்மோனைத் தரும் மரபணு, நரம்புச் செல்லில் வேறொரு பொருளைத் தருவது 1982இல் தெரிந்தது. ஷார்ப்பும் ராபர்ட்ஸும் 1993இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மனித மரபணுத் தொகுதியின் வரைவு 2001இல் வெளியானபோது, மனிதனுக்கு ஒரு லட்சம் மரபணுக்களாவது இருக்கும் என்ற பழைய கணிப்பு தகர்ந்தது. புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ இருபதாயிரம்தான் என்பது இன்றைய எண். பல எக்ஸான்கள் கொண்ட மனித மரபணுக்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஒன்றுக்கு மேற்பட்ட விதமாக வெட்டி ஒட்டப்படுகின்றன என்று 2008இல் இரு குழுக்கள் காட்டின.

இவையெல்லாம் எண்கள். ஒரு நொதி எந்தக் கொழுப்பைத் தின்னும் என்பதையே ஸ்ப்ளைசிங் மாற்றிவிடும் என்பதற்குத் தெளிவான சான்று வெள்ளணுவிலிருந்து வந்தது.

வெள்ளணுவும் கல்லீரலும்

செம்பனை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 44 விழுக்காடு பால்மிட்டிக் அமிலம், 39 விழுக்காடு ஒலியிக் அமிலம், 10 விழுக்காடு லினோலெயிக் அமிலம். மூன்றாவதை மனித உடலால் தானாகச் செய்துகொள்ள முடியாது, உணவில்தான் வர வேண்டும். பதினெட்டுக் கார்பன்கள் கொண்ட அதை உடல் நீட்டி, இருபது கார்பன்கள் கொண்ட அராக்கிடானிக் அமிலமாக்குகிறது. செல்களின் சவ்வுகளில் அது பதுங்கியிருக்கும். காயமோ கிருமியோ வந்தால் ஃபாஸ்போலைப்பேஸ் என்ற நொதி அதைச் சவ்விலிருந்து வெட்டி விடுவிக்கும்.

விடுபட்ட அமிலத்துக்குப் பல வழிகள் உண்டு. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா கழகத்தில் பெங்ட் சாமுவேல்சன் 1979இல் விவரித்த வழியில் அது லியூக்கோட்ரையீன் பி4 ஆகிறது. நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களைக் கிருமி புகுந்த இடத்துக்கு அழைப்பது இந்தப் பொருள். அதன் மிகச் சிறு அளவே போதும், வெள்ளணுக்கள் இரத்தக் குழாயை விட்டு வெளியேறித் திரண்டுவிடும். சாமுவேல்சன் 1982இல் சூனே பெர்க்ஸ்ட்ரோம், ஜான் வேன் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார்.

அழைப்பு நிற்காவிட்டால் அழற்சியும் நிற்காது. சொந்தத் திசுவையே வெள்ளணுக்கள் சிதைக்கத் தொடங்கும். ஆகவே நியூட்ரோபில் தன்னை அழைத்த பொருளைத் தானே செயலிழக்கச் செய்கிறது. லியூக்கோட்ரையீனின் கடைசிக் கார்பனில் ஒரு ஆக்சிஜனைச் செருகிச் சிதைவைத் தொடங்கிவைக்கிறது. அதைச் செய்யும் நொதிக்கான மரபணுச் செய்தியை ஜப்பானில் யாசுஷி கிகுத்தாவும் சகாக்களும் 1993இல் மனித வெள்ளணுவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். சைட்டோகுரோம் பி450 என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்த அந்த நொதிக்கு சிஒய்பி-4எஃப்3 என்று பெயர்.

கல்லீரலிலும் இதே வேலை நடந்தது, ஆனால் மந்தமாக. வெள்ளணுவின் நொதி லியூக்கோட்ரையீனை மிகக் குறைந்த செறிவிலும் பற்றிக்கொண்டது. கல்லீரலில் இருந்ததோ பல மடங்கு செறிவு இருந்தால்தான் அதை ஏறெடுத்துப் பார்த்தது. இரண்டும் வெவ்வேறு மரபணுக்களின் நொதிகள் என்று கருதுவதுதான் இயல்பு. அந்தக் குடும்பத்தில் அண்ணன் தம்பி மரபணுக்களும் நிறைய இருந்தன.

பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த பீட்டர் கிறிஸ்மஸ், ராய் சோபர்மன் குழு 1999இல் வேறு விடையைச் சொன்னது. சிஒய்பி-4எஃப்3 மரபணுவில் மூன்றாம் எக்ஸானும் நான்காம் எக்ஸானும் ஒன்றையொன்று விலக்குபவை. செய்தியில் ஒன்று இருந்தால் மற்றது இருக்காது. வெள்ளணுவில் நான்காம் எக்ஸான் தங்கி 3ஏ என்ற நொதி வருகிறது. கல்லீரலில் மூன்றாம் எக்ஸான் தங்கி 3பி என்ற நொதி வருகிறது. மரபணுவை எழுதத் தொடங்கும் இடமே இரு திசுக்களிலும் வேறு, அதோடு வெட்டும் விதமும் மாறுகிறது.

2001இல் அதே குழு அடுத்த கேள்வியை எடுத்தது: 3பி என்பது வெறுமனே சோம்பலான 3ஏதானா, அல்லது அதற்கென்று தனி வேலை இருக்கிறதா? இரு நொதிகளும் 520 அமினோ அமிலங்கள் கொண்டவை. இடம் மாறும் எக்ஸான் ஒவ்வொன்றும் தருவது 48 அமினோ அமிலங்கள். அவ்வளவுதான் வேறுபாடு, ஆனால் அந்தத் துண்டு அமர்வது கொழுப்பு உள்ளே நுழையும் வாசலை ஒட்டிய இடத்தில். 3ஏக்கு லியூக்கோட்ரையீன்தான் விருப்பம். 3பி அதை ஒதுக்கிவிட்டு அராக்கிடானிக் அமிலத்தையே நேரடியாகப் பற்றி, 20-ஹீட் என்ற பொருளாக மாற்றியது. சிறுநீரகத்தில் உப்பை வெளியேற்றுவதையும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்குவதையும் பாதிக்கும் பொருள் 20-ஹீட். இரத்த அழுத்தத்தை ஆராய்பவர்கள் பல ஆண்டுகளாகத் துரத்தும் மூலக்கூறு அது.

ஒரே மரபணு, வெள்ளணுவில் அழற்சியை அடக்குகிறது. கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் அதே மரபணு இரத்தக் குழாயோடு தொடர்புடைய பொருளைச் செய்கிறது. பீடில், டேட்டம் காலத்து வாசகத்துக்கு இங்கே இடமில்லை.

3பியின் பட்டியல் அதோடு முடியவில்லை. ஆம்ஸ்டர்டாமில் ஸ்டெஃபான் கெம்ப் உள்ளிட்ட குழு 2006இல், மிக நீண்ட சங்கிலி கொண்ட கொழுப்பு அமிலங்களையும் அது மாற்றும் என்று காட்டியது. அத்தகைய அமிலங்கள் சிதையாமல் தேங்கினால் ஆண் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் அட்ரினோலியூக்கோடிஸ்ட்ரோபி வருகிறது. வழக்கமான வழி அடைபட்டவர்களுக்கு இந்த நொதியின் வழியாக ஒரு மாற்றுப்பாதை திறக்குமா என்ற ஆராய்ச்சிக்கு அது வித்திட்டது.

பெராக்சிசோமில் இன்னொன்று

அந்த நீண்ட அமிலங்களைச் சிதைக்கும் வழக்கமான வழி, பெராக்சிசோம் என்ற செல் உறுப்பில் உள்ளது. அங்கேயும் இதே கதை நடக்கிறது. சிதைவின் முதல் படியைச் செய்யும் நொதி அசைல்-கோஏ ஆக்சிடேஸ் 1. அதன் மரபணுவில் மூன்றாம் எக்ஸானுக்கு இரண்டு பதிப்புகள் உண்டு, செய்திக்கு ஒன்றுதான் சேரும். எலியின் கல்லீரலில் இதை ஜப்பானில் தகாஷி ஹஷிமோட்டோவின் குழு 1980களிலேயே கண்டிருந்தது. இரண்டு வடிவங்களுக்கும் பிடித்த சங்கிலி நீளம் வேறு வேறு.

மனித நொதியின் இரு வடிவங்களையும் ஒப்பிட்டவர்களில் சிகாகோ நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஜனார்த்தன் ரெட்டியும் ஒருவர். இந்தியாவில் மருத்துவம் படித்துப் புறப்பட்டவர், பெராக்சிசோம் ஆராய்ச்சியின் முன்னோடி. இந்த மரபணுவே இல்லாத எலிகளுக்குக் கல்லீரலில் கொழுப்பு படியும். பிரெஞ்சு, டச்சு சகாக்களுடன் சேர்ந்து, மனித வடிவங்களை அந்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2010இல் வெளியானது. இரண்டாவது பதிப்பைக் கொண்ட வடிவமே எலியின் கோளாற்றைச் சிறப்பாகச் சரிசெய்தது.

ஃபாஸ்போலைப்பேஸிலும் சான்று உண்டு. கால்சியம் தேவைப்படாத ஒரு வகையில், ஸ்ப்ளைசிங் வழியாக வெட்டும் பகுதியே இல்லாத குட்டை வடிவங்கள் பிறக்கின்றன. அவை எதையும் சிதைப்பதில்லை. முழு நொதியோடு ஒட்டிக்கொண்டு அதன் வேகத்தைக் குறைக்கின்றன.

தோட்டத்து இரு மரங்கள்

இனி கிள்ளான் பள்ளத்தாக்குக்குத் திரும்பலாம். மலேசியச் செம்பனை எண்ணெய் ஆராய்ச்சிக் கழகம் 1979இல் தொடங்கப்பட்டு, சிலாங்கூரின் பாங்கியில் வேரூன்றியது. 2000இல் அது மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியமாக மாறியது. 1980களின் இறுதியில் அமெரிக்காவில் வெப்பமண்டல எண்ணெய்களுக்கு எதிராகப் பெரும் விளம்பரப் போர் நடந்தது. அதற்குப் பதில் ஆய்வில் இருக்க வேண்டும் என்று மலேசியர்கள் இறங்கினார்கள். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் டோனி இங் கோக் வாய் குழுவும், பாங்கியில் கல்யாண சுந்தரம் குழுவும் தன்னார்வலர்களுக்கு அளந்து சமைத்துக் கொடுத்து, இரத்தக் கொழுப்பை அளந்து, 1990களின் முற்பாதியில் பன்னாட்டு இதழ்களில் எழுதினார்கள். எந்தக் கொழுப்பு அமிலத்தோடு எதை ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறியது. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

அதே எண்ணெயில் ஆராய்ச்சியாளர்களை ஈர்த்த மற்றொரு பொருள் டோக்கோட்ரையீனால். வைட்டமின் ஈ குடும்பத்தைச் சேர்ந்தது. பெரும்பாலான சமையல் எண்ணெய்களில் டோக்கோஃபெரால்தான் மிகுதி. செம்பனையின் வைட்டமின் ஈயில் ஏறத்தாழ 70 விழுக்காடு டோக்கோட்ரையீனால். 1960களின் நடுவில் அதை ரப்பர் மரத்தின் பாலில் கண்டறிந்திருந்தார்கள். தமிழர்கள் சீவிய பால்மரம், குலை வெட்டிய செம்பனை, இரண்டிலும் அந்த ஒரே பொருள் இருந்தது.

அது உடலில் நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் யுவென் கா ஹே குழு 2001இல் அளந்தபோது, இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய இரண்டு முதல் நான்கரை மணி நேரம் வரைதான் ஆனது. அடுத்த ஆண்டே காரணத்தின் பெரும்பகுதி கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. வைட்டமின் ஈயின் வாலில் ஆக்சிஜனைச் செருகி அதைச் சிதைவுக்கு அனுப்பும் நொதி சிஒய்பி-4எஃப்2 என்று திமதி சோன்டாக்கும் ராபர்ட் பார்க்கரும் காட்டினார்கள். பாஸ்டன் குழு ஆராய்ந்த 4எஃப்3க்கு அது உடன்பிறப்பு. பத்தொன்பதாம் குரோமோசோமில் இரண்டும் ஒரே கொத்தில் குடியிருக்கின்றன. தோட்டத்து வைட்டமினும் வெள்ளணுவின் அழைப்பும் ஒரே நொதிக் குடும்பத்தின் கையில் முடிகின்றன.

இங்கே மனிதர்களுக்கிடையிலான வேறுபாடும் நுழைகிறது. 4எஃப்2 மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் 433ஆம் இடத்தில் வாலினுக்குப் பதில் மெத்தியோனின் வரும், நொதியின் செயல் குறையும். அந்த நொதி வைட்டமின் கேயையும் சிதைப்பது. எனவே இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். ஐரோப்பியர்களைவிடத் தெற்காசியர்களிடம் இந்த மாற்றம் அதிகம். மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரும் ஒரே மருத்துவமனை வரிசையில் நிற்கும் நாட்டில் இது ஏட்டு விவகாரம் அல்ல. இந்தியர்களின் சராசரி வார்ஃபரின் தேவை சீனர்களைவிட அதிகம் என்பது சிங்கப்பூர் ஆய்வுகளில் உறுதியானது. அதன் முதன்மைக் காரணம் விகேஓஆர்சி1 என்ற வேறொரு மரபணு.

எழுத்து மாற்றத்தை ஒரு சொட்டு இரத்தத்தில் படித்துவிடலாம். உலகளாவிய ஆயிரம் ஜீனோம் திட்டம் 2015இல் முடிந்தபோது, அதன் 26 மக்கள் குழுக்களில் ஒன்றாகப் பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர்களும் இருந்தார்கள். ஸ்ப்ளைசிங்கை அப்படிப் படிக்க முடியாது. கல்லீரல் எந்த எக்ஸானை வைத்துக்கொண்டது என்பதைக் கல்லீரல்தான் சொல்லும், இரத்தத்திலுள்ள வெள்ளணு சொல்வது தன் கதையை மட்டும். மனிதத் திசுக்களின் ஆர்என்ஏவைத் தொகுத்த மிகப் பெரிய முயற்சியான ஜிடெக்ஸ் திட்டம் 2020இல் வெளியிட்ட தொகுப்பில் 838 கொடையாளர்கள் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்கள். கொழுப்பைச் சிதைக்கும் நொதிகளின் எந்த வடிவம் எந்தத் திசுவில் எவ்வளவு என்று பாடநூல்கள் இனி சொல்லப்போவது பெரும்பாலும் அவர்களின் உடலைக் கொண்டே.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் 38.1 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொழுப்பு மிகுதி என்றது. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் மருத்துவமனைகள் உண்டு, பல்கலைக்கழகங்கள் உண்டு, ஆர்என்ஏவை முழு நீளத்துக்குப் படிக்கும் கருவிகளும் வாங்கக் கிடைக்கின்றன. அறுவை சிகிச்சையில் எடுக்கப்படும் திசுவை, நோயாளியின் ஒப்புதலோடு, மூன்று இனத்தாரிடமிருந்தும் சேர்த்துப் பாதுகாத்துப் படிக்கும் பணி பள்ளத்தாக்கின் ஆய்வுக்கூடங்களுக்கு எட்டாததல்ல. புழுங்கலரிசிக்கும் பச்சரிசிக்கும் இடையிலான வேறுபாட்டை தன் மக்களிடமே சோதித்து உலகுக்குச் சொன்ன நகரம் கோலாலம்பூர். அந்தச் சோதனைக்கு உட்பட்டவர்களிடம் ஒப்புதல் கேட்டிருப்பார்களா என்ற கேள்வியை இன்றைய ஆராய்ச்சியாளர் மறக்கக்கூடாது. இப்போது கேட்டுச் செய்யலாம்.

அடுத்த பகுதி, வெட்டும் இடம் பிசகினால் நேர்வதைச் சொல்லும். லைசோசோமில் கொழுப்பைச் சிதைக்கும் ஒரு லைப்பேஸ் நொதியின் மரபணுவில், எட்டாம் எக்ஸானின் கடைசி எழுத்து ஒன்று மாறினால் அந்த எக்ஸானே செய்தியிலிருந்து விடுபடுகிறது, நொதியில் 24 அமினோ அமிலங்கள் காணாமல் போகின்றன. ஆயினும் சரியாக ஒட்டப்பட்ட செய்தி 3 முதல் 5 விழுக்காடு வரை தப்பிப் பிழைக்கிறது. நொதி முற்றிலும் இல்லாத குழந்தைகள் முதல் ஆண்டைத் தாண்டாத நிலையில், இந்தச் சிறு விழுக்காடு உள்ளவர்கள் வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். 1956இல் மோஷே வோல்மனும் சகாக்களும் விவரித்த ஒரு குழந்தையிலிருந்து, 2015இல் ஒப்புதல் பெற்ற மருந்து வரை அந்தக் கதை நீள்கிறது.

(தொடரும்)